கோட்டின் தடிப்பு

குணலட்சுமிக்குத் தேவைப்பட்டது ஆறடிக்கு ஐந்தடி இடம். அதுவும் அடுத்தவர் காணியில் இல்லை. சண்டிலிப்பாயில், தன் சொந்த வளவில், தன் சொந்தப் படுக்கையறைச் சுவரோடு ஒட்டினாற்போல.

அவளுடைய கணவர் நடராசா இருபத்தேழு வருடம் பஸ் ஓட்டியவர். போன தையில் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. கக்கூசு வளவின் கோடியில், கிணற்றடியையும் தாண்டி இருந்தது. கட்டிலிலிருந்து அங்கே போக நாற்பத்திரண்டு எட்டு. ஒரு நாளைக்கு ஐந்து தரம் அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் அத்தனை எட்டும் நடந்தாள். பள்ளிக்கூடச் சீருடை தைத்துப் பிழைக்கிறவள். அவள் மெசினில் இருக்கிறாளே என்று அவர் கூப்பிடாமல் பொறுத்துப் பார்த்து, பொறுக்க முடியாமல் போன நாட்களும் உண்டு. அந்த நாட்களைப் பற்றி இருவரும் கதைப்பதில்லை.

மேசன் ஜெரோசன் வந்து பார்த்தான். அறைச் சுவரில் கதவு வெட்டி வெளிப்பக்கம் ஒரு சின்னக் குளியலறை கட்டலாம், ஒன்பது நாள் வேலை என்றான். படம் கீறி அனுமதிக்குக் கொடுத்தபோது பிரதேச சபைக் கவுண்டரில் இருந்தவர் அதைத் திருப்பித் தந்தார். வழுக்கையாற்றுப் பக்கத்துக் காணி எதுவானாலும் அது வெள்ளச் சமவெளிக்கு உள்ளேயா வெளியேயா என்று இனிமேல் கடிதம் வேண்டுமாம். உள்ளே என்றால் கட்டக்கூடாது. வெளியே என்றால் கட்டலாம்.

"எங்கடை வீட்டுக்கு ஒருநாளும் வெள்ளம் வந்ததில்லை" என்றாள் குணலட்சுமி.

"அதைத்தான் எழுதி வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றார் அவர்.

எழுதித் தரவேண்டியவர்கள் கொக்குவிலில் இருந்தார்கள். வெள்ளச் சமவெளி எல்லைத் துல்லியமாக்கல் அலகு என்று பெயர். மதில் கட்டிய ஒரு வளவுக்குள் இருந்த மாடிவீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பெயர் நீளம் என்பதால் பெயர்ப்பலகை மதில் எல்லையைக் கடந்து ஒழுங்கைக்குள் இரண்டடி நீட்டிக்கொண்டு நின்றது. சைக்கிளில் போகிறவர்கள் அந்த இடத்தில் குனிந்து போனார்கள்.

வரைபடம் பார்க்கும் பிள்ளைக்குக் கீர்த்திகா என்று பெயர். பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தவள். மரியாதையாகக் கதிரை இழுத்துப் போட்டு, வலிகாமம் முழுவதும் அடங்கிய ஒரு பெரிய தாளை விரித்து, பேனை முனையை ஓரிடத்தில் வைத்தாள்.

"உங்கடை வீடு இதிலைதான் அன்ரி."

பேனை நின்ற இடத்தில் ஒரு தடித்த நீலக்கோடு ஓடியது.

"உள்ளுக்கோ, வெளியிலயோ பிள்ளை?"

கீர்த்திகா பூதக்கண்ணாடி எடுத்துப் பார்த்தாள். பிறகு அதை வைத்துவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தாள்.

"கோட்டிலை அன்ரி."

"கோட்டுக்கு எந்தப் பக்கம்?"

"பக்கம் இல்லை. கோட்டுக்குள்ளை. இந்தக் கோடு ஒரு மில்லிமீற்றர் தடிப்பு. நிலத்திலை அது ஐம்பது மீற்றர். உங்கடை வீடு, கிணறு, கக்கூசு எல்லாம் கோட்டுக்குக் கீழை நிக்குது."

உள்ளே இருப்பவர்களுக்கு நீலப் படிவம் இருந்தது. வெளியே இருப்பவர்களுக்கு வெள்ளைப் படிவம் இருந்தது. கோட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஒன்றும் அச்சடிக்கப்பட்டிருக்கவில்லை. கீர்த்திகா எழுந்துபோய்ப் பணிப்பாளரை அழைத்து வந்தாள்.

பணிப்பாளர் ஐம்பத்தைந்து வயதுக்காரர், நீரிழிவுக்காரர், எல்லாரோடும் அன்பாகக் கதைப்பவர். விடயத்தைக் கேட்டதும் அவருடைய முகம் மலர்ந்தது.

"அம்மா, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. உங்களாலை இந்த அலகுக்கு ஒரு பெரிய கேள்வி வந்திருக்குது. கோட்டுக்குள்ளை சனம் இருக்கெண்டு எங்களுக்கு ஒருதரும் சொல்லேல்லை. கீறேக்கை அது வெறுங்கோடாத்தான் இருந்தது."

"அப்ப கடிதம் சேர்?"

"கடிதம் பேந்து. முதலிலை இதுக்கு ஒரு கருத்தரங்கு வைக்கவேணும்."

கருத்தரங்கு ஆனியில் யாழ்ப்பாணத்தில் ஒரு குளிரூட்டிய மண்டபத்தில் நடந்தது. குணலட்சுமிக்கு அழைப்பு வந்தது. போகாவிட்டால் கடிதம் தள்ளிப்போகும் என்று கீர்த்திகா தொலைபேசியில் மெதுவாகச் சொன்னாள். பக்கத்து ஒழுங்கை நல்லம்மா, தனிக்கட்டை, இரண்டு ஆடும் நாலு பாத்தி மரவள்ளியும் வைத்திருப்பவள், வந்து நடராசாவோடு இருந்தாள். மண்டப வாசலில் குணலட்சுமியின் கழுத்தில் ஒரு அட்டை மாட்டினார்கள். அதில் 'கோட்டுவாழ் மக்கள் பிரதிநிதி' என்று எழுதியிருந்தது.

குத்துவிளக்கு ஏற்றி முடிய ஒரு மணித்தியாலம் ஆனது. பிறகு பணிப்பாளர் பேசினார். மேடையில் அவர் வேறு தமிழ் வைத்திருந்தார்.

"துல்லியம் என்பது நீரோடு சம்பந்தப்பட்ட விடயம் அல்ல என்பதை நாம் முதலில் உணரவேண்டும். நீர் ஒரு வருடம் வரும், மறுவருடம் வராது. அவ்வாறான ஒன்றை நம்பி எல்லை வகுக்க முடியாது. எல்லை நிரந்தரமானது. நாம் எமது கடமையைச் செய்துவிட்டோம். இனி நீர்தான் ஒத்துழைக்க வேண்டும்."

கைதட்டினார்கள். மதியம்வரை கோட்டின் தடிப்பைப் பற்றி வாதம் நடந்தது. கோட்டை மெல்லியதாக்கலாம் என்றார் ஒருவர். கொழும்பிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் கோட்டை இடைவெளி விட்டுவிட்டுப் போட்டால் இடைவெளிகளில் அகப்படும் வீடுகளுக்கு உடனே அனுமதி கொடுக்கலாம் என்றார். இடைவெளி எந்த வீட்டில் விழும் என்பதை யார் தீர்மானிப்பது என்று இன்னொருவர் கேட்டார். அதற்கு ஓர் உபகுழு நியமிக்கப்பட்டது.

சாப்பாட்டுக்கு முன்னர் மக்கள் பிரதிநிதிக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். குணலட்சுமி ஒலிவாங்கியை எவ்வளவு தூரத்தில் பிடிப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"சேர், தண்ணி எங்கடை வீட்டுக்கு வாறதில்லை. றோட்டுக்கு அங்காலை இருக்கிற பள்ளத்துக்குத்தான் வரும். மாரியிலை ஆரும் வந்தா நானே காட்டுவன். எங்களுக்கு ஒரு கக்கூசு கட்டினாக் காணும்."

இதற்கும் கைதட்டினார்கள். கூட்ட அறிக்கையில் 'மக்கள் பிரதிநிதி திட்டத்தை வரவேற்று, தமது பங்களிப்பை வழங்க முன்வந்தார்' என்று பதியப்பட்டது. மீதியாக இருந்த றோல்ஸ் நாலைக் கீர்த்திகா ஒரு பையில் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டாள். நடராசா ஒன்று சாப்பிட்டார். கடிதம் தந்தார்களா என்று கேட்பது போலப் புருவத்தைத் தூக்கினார். குணலட்சுமி உள்ளே போய்ச் சீலையை மாற்றினாள்.

ஆவணியில் பணிப்பாளரையும் கீர்த்திகாவையும் ஏற்றிக்கொண்டு அலகின் ஜீப் வந்தது. கோட்டை மெல்லியதாக்குவது என்று முடிவாகி, ஐம்பது மீற்றர் பத்து மீற்றராகச் சுருக்கப்பட்டிருந்தது. அந்தப் பத்து மீற்றரின் நடுவில் சீமெந்துத் தூண்கள் நடவேண்டும். மழை பெய்து நாலு மாதம் ஆகியிருந்தது. வழுக்கையாறு இருந்த இடத்தில் மாடுகள் படுத்திருந்தன.

மூன்று கால் கருவி ஒன்றை முற்றத்தில் நிறுத்தி மாறிமாறிப் பார்த்தார்கள். குணலட்சுமி பணிப்பாளரை வாசல் படலைக்குக் கூட்டிக்கொண்டுபோய் றோட்டுக்கு எதிர்ப்பக்கத்தைக் காட்டினாள். பள்ளமாக இருந்த வயல் இப்போது றோட்டை விட உயரமாக நின்றது. இலண்டனில் இருக்கும் ஒருவர் அங்கே கலியாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார்.

"சேர், வெள்ளம் வாறது அந்த இடத்துக்கு."

"அது பழைய கதை அம்மா. இப்ப ஏழடிக்கு மண் போட்டு உயர்த்தியிருக்கினம். கருவி வைச்சுப் பாத்தம். அங்கை வெள்ளம் ஏறாது. அதாலை அது எல்லைக்கு வெளியிலை."

"அப்ப அதிலை நிண்ட தண்ணி இனி எங்கை போகும்?"

பணிப்பாளர் அவளை இரக்கத்தோடு பார்த்தார்.

"தண்ணி எங்கை போகுதெண்டது எங்கடை அலகின்ரை வேலை இல்லை அம்மா. எல்லை எங்கை போகுதெண்டதுதான் எங்கடை வேலை. தண்ணிக்கு வேறை திணைக்களம் இருக்குது."

அதற்குள் பின்பக்கத்தில் அலவாங்கு குத்தும் சத்தம் கேட்டது. குணலட்சுமி ஓடிப்போய்ப் பார்த்தாள். படுக்கையறைச் சுவரிலிருந்து மூன்றடியில், ஜெரோசன் கயிறு கட்டி அளந்துவைத்திருந்த இடத்துக்குள், ஆட்கள் தூண் நடக் கிடங்கு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இதிலைதான் சேர் கக்கூசு வரப்போகுது. கொஞ்சம் அங்காலை தள்ளி நடேலாதோ? ஒரு நாலடி?"

"நாலடி தள்ளினா அது துல்லியம் இல்லை அம்மா."

"சேர், இந்தக் கருவியிலை நாலு மீற்றர் கூடக்குறைய வரலாம்" என்றாள் கீர்த்திகா, கொப்பியைப் பார்த்தபடி.

"அது கருவியின்ரை பிழை" என்றார் பணிப்பாளர். "நாங்கள் நாலடி தள்ளினா, அது எங்கடை பிழை."

தூண் இடுப்புயரம் இருந்தது. நூற்றுப்பதினேழு என்று இலக்கம் பொறித்திருந்தது. அதைப் பிடுங்கினால், உடைத்தால், நகர்த்தினால் என்ன தண்டனை என்று ஒரு தகட்டில் மூன்று மொழியிலும் எழுதி ஆணி அடித்துவிட்டுப் போனார்கள். நடராசா யன்னலால் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நாலாவது தடவை அவரைக் கோடிக்குக் கொண்டுபோகும்போது தூணைச் சுற்றிப் போகவேண்டி இருந்தது. நாற்பத்தைந்து எட்டு ஆனது.

புரட்டாதியிலும் ஐப்பசியிலும் அவள் கொக்குவிலுக்கு ஐந்து முறை போனாள். உபகுழு கூடவில்லை என்றார்கள். கூடியது, ஆனால் ஆள் காணாது என்றார்கள். ஐந்தாம் முறை பெயர்ப்பலகையில் தலையை இடித்துக்கொண்டாள்.

கார்த்திகையில் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்து வழுக்கையாறு நிரம்பியது. வழக்கமாகப் போய் நிற்கும் பள்ளத்தைத் தேடி வந்த வெள்ளம் மண்டபத்தின் மண்மேட்டில் முட்டியது. அங்கே இடமில்லை என்று கண்டதும் பக்கத்து ஒழுங்கைக்குள் திரும்பியது. ஒழுங்கையின் கடைசி வீடு நல்லம்மாவுடையது. வரைபடத்தில் அது வெள்ளைப் பகுதி. கோட்டுக்கு வெளியே, எந்த ஆபத்தும் இல்லாத இடம்.

நாலாம் நாள் காலை நல்லம்மா முழங்காலளவு தண்ணீருக்குள்ளால் நடந்து வந்தாள். தலையில் ஒரு மூட்டை, கக்கத்தில் காணி உறுதிப் பத்திரம், பின்னால் கயிற்றில் இரண்டு ஆடு.

"ராத்திரி பின்சுவர் விழுந்திட்டுது குணம்" என்றாள்.

குணலட்சுமியின் முற்றம் காய்ந்திருந்தது என்று சொல்ல முடியாது, மழை பெய்தது. ஆனால் வெள்ளம் படலைக்குக் கிட்டவும் வரவில்லை. தையல் அறையில் நல்லம்மாவுக்குப் பாய் போட்டாள். ஆடுகளை விறாந்தையில் கட்டினாள். பிறகு அலகுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"சேர், இப்ப வந்தா எல்லாத்தையும் கண்ணாலை பாக்கலாம். எந்தக் காணிக்குள்ளை தண்ணி, எதுக்குள்ளை இல்லை எண்டு நல்ல வடிவாத் தெரியுது."

"வெள்ள நேரத்திலை அளக்கேலாது அம்மா" என்றார் பணிப்பாளர். "தண்ணி நிண்டா நிலம் தெரியாது. நிலம் தெரியாட்டி எல்லையை எப்பிடிப் பாக்கிறது? எல்லாம் வடிஞ்சு காஞ்சாப் பிறகு வாறம்."

"எப்ப சேர்?"

"தைப்பொங்கல் கழிய."

"அதுவரைக்கும் உங்கடை ஆக்கள் ஒருதரும் இந்தப் பக்கம் வரமாட்டினமோ?"

"சுற்றறிக்கை இருக்குது அம்மா. வெள்ள காலத்திலை வெள்ளச் சமவெளிக்குள்ளை உத்தியோகத்தர் ஒருதரும் கால் வைக்கக்கூடாது. குறை நினைக்காதேங்கோ."

குணலட்சுமி தொலைபேசியை வைத்தாள். தையிலிருந்து கார்த்திகைவரை ஓடியது அவளுடைய கால்களில் தெரிந்தது. பிறகு திரும்ப எடுத்து ஜெரோசனைக் கூப்பிட்டாள்.

"நாளைக்கு வேலையைத் தொடங்கு தம்பி."

"கடிதம் வந்திட்டுதோ அக்கா?"

"வெள்ளம் வந்திட்டுது."

ஜெரோசன் பெரிய தறப்பாள் ஒன்றைக் கட்டி அதற்குக் கீழே அத்திவாரம் வெட்டினான். தூணுக்குக் கிட்ட வந்ததும் நின்றான்.

"இதை என்ன செய்யிறது?"

"தொடாதை. அது அரசாங்கத்தின்ரை. அதைச் சுத்திக் கட்டு."

ஒன்பது நாள் வேலை மழையால் பதின்மூன்று நாளானது. நல்லம்மா கல் எடுத்துக் கொடுத்தாள். தான் சும்மா இருந்து சாப்பிடுகிறவள் இல்லை என்று அதற்குக் காரணம் சொன்னாள். கடைசியில் தூண், குந்தி இருக்கும் கொமட்டுக்கு வலப்பக்கத்தில், பிடித்து எழும்பத் தோதாக நின்றது. நடராசாவுக்கு வேலை செய்கிற கை வலக்கை. ஜெரோசன் இதை முன்கூட்டியே யோசிக்கவில்லை. குழாய் வந்த பக்கம் அப்படி அமைந்துவிட்டது.

முதல் நாள் நடராசா கட்டிலை விட்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏழே எட்டு வைத்தார். குணலட்சுமி எழுந்தபோது கையால் மறித்தார். உள்ளே போனார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பதினொரு மாதத்துக்குப் பிறகு அவர் தானாகப் பூட்டிய கதவு அது. குசினியில் இரண்டு பெண்களும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சோறு கொஞ்சம் அடிப்பிடித்தது.

பொங்கல் கழிந்து ஜீப் வந்தது. மாரிக்குப் பிறகு தூண்களைச் சரிபார்க்க வந்திருந்தார்கள். நூற்றுப்பதினாறு நின்ற இடத்தில் நின்றது. நூற்றுப்பதினெட்டு மண்டபத்து மண்ணோடு சரிந்து விழுந்து கிடந்தது. பணிப்பாளர் வளவின் பின்பக்கம் வந்து நின்று தாளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"நூற்றுப்பதினேழு எங்கை?"

குணலட்சுமிக்குப் பொய் சொல்லும் எண்ணம் இருந்தது. அதற்கு வேண்டிய தென்பு இருக்கவில்லை.

"உள்ளுக்கு இருக்குது சேர். வாங்கோ."

படுக்கையறையால் கூட்டிக்கொண்டுபோய்ப் புதுக் கதவைத் திறந்துவிட்டாள். பணிப்பாளர் உள்ளே காலை வைத்துத் தூணைப் பார்த்தார். தகட்டை வாசித்தார். பிறகு கொமட்டைப் பார்த்தார். காலையிலிருந்து ஒன்பது தூண் பார்த்து, போன வீடெல்லாம் வெட்டிக் கொடுத்த இளநீரை அவர் குடித்திருந்தார்.

"அம்மா, ஒரு நிமிசம்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

நிமிசம் நீண்டது. கட்டிலில் இருந்த நடராசா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கீர்த்திகா யன்னலுக்கு வெளியே பார்த்தாள். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பணிப்பாளர் வெளியே வந்தபோது குணலட்சுமி துவாய் எடுத்துக் கொடுத்தாள். அவர் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"கீர்த்திகா, கட்டுமானம் எண்ட இடத்திலை என்ன எழுதினனீர்?"

"இன்னும் எழுதேல்லை சேர்."

"புதிய கட்டுமானம் எதுவும் அவதானிக்கப்படவில்லை எண்டு எழுதும்."

கீர்த்திகா பேனையைத் தூக்கிப் பிடித்தபடி அவரைப் பார்த்தாள்.

"அவதானிக்கிறது வேறை, பாவிக்கிறது வேறை பிள்ளை. நான் அவதானிக்கேல்லை. தூண் எண்ட இடத்திலை எழுதும்: நல்ல நிலையில் உள்ளது. பொதுமக்கள் தாமாக முன்வந்து நான்கு சுவரும் கூரையும் அமைத்துப் பாதுகாத்து வருகின்றனர்."

குணலட்சுமி துவாயை வாங்கி மடித்தாள். பிறகு, அவர் நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று கண்டு, நல்லம்மாவின் கதையைச் சொன்னாள். பின்சுவர் விழுந்தது, நிவாரணத்துக்கு எழுதிப் போட்டது, எல்லைக்கு வெளியே என்று அது திரும்பி வந்தது. ஒழுங்கையால் ஐம்பது யார் தூரம் நடந்தால் சுவரில் சேறு நிற்கும் உயரத்தை இப்போதும் பார்க்கலாம் என்றாள்.

"வெளியிலை இருக்கிற வீட்டுக்கு வெள்ளம் வரேலாது அம்மா" என்றார் பணிப்பாளர். "வந்தா அது வெள்ளம் இல்லை. மழைத்தண்ணி தேங்கினது. அதுக்கு எங்களிட்டைப் படிவம் இல்லை."

கீர்த்திகா மட்டும் ஜீப்பில் ஏற முதல் ஒழுங்கைக்குள் ஓடிப்போய்க் கைத்தொலைபேசியில் இரண்டு படம் எடுத்துக்கொண்டு வந்தாள். அவற்றை வைத்து அவள் என்ன செய்தாள் என்று தெரியவில்லை. பங்குனியில் அவளை மன்னாருக்கு மாற்றிவிட்டார்கள்.

அதே பங்குனியில் அலகின் ஆண்டு விழா நடந்தது. குணலட்சுமி வீட்டுக்கு எதிர்ப்பக்கக் கலியாண மண்டபம் வேலை முடிந்து திறந்திருந்ததால் அங்கேயே வைத்தார்கள். எல்லைத் தூண்களைப் பேணிய பொதுமக்களுக்கான பாராட்டுச் சான்றிதழ் குணலட்சுமிக்குக் கிடைத்தது. கண்ணாடிச் சட்டம் போட்டது. அதைக் கொடுத்த பணிப்பாளரோடு படத்துக்கு நிற்கும்போது அவள் உதட்டை அசைக்காமல் கேட்டாள்.

"சேர், அந்தக் கடிதம்?"

"அது இனி உங்களுக்கு எதுக்கம்மா?" என்றார் பணிப்பாளர், கமராவைப் பார்த்துச் சிரித்தபடி. "நீங்கள்தான் ஒண்டும் கட்டேல்லையே."

வீட்டுக்கு வந்தபோது நல்லம்மா முற்றத்தில் ஆட்டுக்குக் குழை போட்டுக்கொண்டிருந்தாள். நாலு மாதமாக அவள் தையல் அறையில்தான் படுக்கிறாள். பகலில் போய் விழுந்த சுவரின் கற்களை மண் தட்டி அடுக்கிவிட்டு வருவாள்.

"கடிதம் தந்தவையோ?"

"இல்லை. இதைத் தந்தவை."

நல்லம்மா கையைச் சீலையில் துடைத்துவிட்டுச் சான்றிதழை வாங்கித் தூரப் பிடித்து வாசித்தாள். நடராசாவும் பார்க்கட்டும் என்று யன்னல் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"குணம், எனக்கும் ஒரு தூண் தருவினமோ?"

"உனக்கு ஏன் தூண்?"

"தூண் நட்டா அது கோட்டுக்குள்ளை வந்திடுமெல்லே. வந்தா, வெள்ளம் வந்ததெண்டு ஒத்துக்கொள்ளுவினம். நடுக் குசினிக்குள்ளை நட்டாலும் பறவாயில்லை. நான் சுத்திச் சமைப்பன்."

அவள் பகிடி விடவில்லை. குணலட்சுமி அவளுடைய முகத்தைப் பார்த்தாள். தானும் சிரிக்கப்போவதில்லை என்று கண்டாள். உள்ளே போய், சீருடை அளவு எழுதும் கொப்பியிலிருந்து நடுத்தாளைக் கிழித்து, தையல் மெசினின் மேல் வைத்தாள். நல்லம்மா கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தாள்.

"பணிப்பாளர் அவர்கள் எண்டு தொடங்கட்டோ?"

"உயர்திரு எண்டும் போடு" என்றாள் நல்லம்மா.